கேரட்டும் முள்ளங்கியும் வைத்த ரொட்டி

13 ஆகஸ்ட் 2006, ஞாயிறு
திண்டிவனம்

மனசு அடங்கவில்லை. என் வீட்டுக்காரர் இறந்தபிறகு இன்றுதான் முதல் தடவையாக அந்த வியட்நாம் ரொட்டியைச் செய்தேன். சைகோனில் பிறந்த மனுஷன். ஞாயிறு மாதா கோயில் பூசை முடிந்து வந்ததும் தன் கையாலேயே செய்து தருவார். மற்றவர் கை பட்டால் பிடிக்காது.

பாண்டிச்சேரி பிரெஞ்சு ரொட்டி இரண்டை நீளவாக்கில் பிளந்து வைத்தேன். தனியாகத் தின்ன மனம் வரவில்லை. எதிர்வீட்டுப் பத்மாவைக் கூப்பிட்டேன். அவர்கள் ஜைனர்கள். அதனால் பன்றிக்கறி வைக்கவில்லை, முட்டையும் இல்லை. வினிகரில் ஊறிய கேரட், முள்ளங்கி, மேலே கொத்தமல்லி, பச்சைமிளகாய். இவ்வளவு யோசித்துச் செய்ததில் எனக்கே பெருமை.

பத்மா ரொட்டியைத் திறந்து பார்த்தாள்.

"அக்கா, மண்ணுக்குள்ள வெளையறத நாங்க சாப்புட மாட்டோம்க்கா."

கறியைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்த மடச்சி நான். வெட்கமாகிவிட்டது. தட்டை எடுக்கப் போனேன். அவள் என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"நீங்க சாப்புடுங்க. நான் பேசிக்கினு இருக்கேன்."

இரண்டு ரொட்டியையும் நானே தின்றேன். தட்டு காலியானால் எழுந்து போய்விடுவாள் என்று, மெள்ள மெள்ள மென்றேன்.