உங்கள் பூட்ஸ் புதிதாகவே இருக்கிறது

பாய், இன்று காலை மருமகள் வாசலில் இருக்கும் செருப்பு அடுக்கைத் துடைத்தாள். மேல்தட்டிலிருந்து உங்கள் ரப்பர் பூட்ஸை எடுத்து, "மாமா, இத யாரும் போடறதில்ல. கீழ குப்பையில கொண்டுபோய்ப் போட்டுடவா?" என்று கேட்டாள். வாங்கி முகர்ந்து பார்த்தேன். எண்ணெய் வாடை இல்லை, சேற்று வாடை இல்லை. சிராங்கூன் சாலைக்குப் பின்னால் நாம் சேர்ந்து வாங்கிய அன்று அடித்த புது ரப்பர் வாடைதான் இன்னும் அடிக்கிறது. அந்த வாடைதான் உங்களைத் தோற்கடித்தது.

நாம் வேலை செய்தது பழைய எண்ணெய்க் கிடங்கின் கழிவுக் குட்டையில். கறுப்புச் சேற்றை அள்ளி, சிமெண்டு கலந்து இறுக்கி, லாரியில் ஏற்றி அனுப்பி முடித்திருந்தார்கள். அடியில் மிச்சமிருந்தது நிலத்துக்குள் இறங்காமலிருக்கக் கனமான கறுப்புப் பிளாஸ்டிக் ஷீட்டை விரிக்க வேண்டும். நீங்கள் ஷீட்டை இழுத்துப் பிடிப்பீர்கள். நான் சூட்டு மெஷினை ஓட்டி இரண்டு விளிம்புகளையும் ஒட்டுவேன்.

பூட்ஸின் அடியில் சிறு கல் சிக்கியிருந்தால் போதும், ஷீட்டில் ஓட்டை விழும். முதல் வாரத்திலேயே அப்படி ஆனது. ஃபோர்மேன் கரைமேல் நின்று கத்தினார்: "ஒரு ஓட்ட விழுந்தா எல்லாத்தையும் திரும்ப டெஸ்ட் பண்ணணும் லா. பூட்ஸ கழட்டிட்டு எறங்குங்க."

கழற்றினோம். கரையில் ஜோடி ஜோடியாக வைத்துவிட்டு வெறும் காலோடு இறங்கினோம். "தம்பி, எனக்குப் பள்ளிவாசல், உனக்குக் கோயில். கால் கழுவி ஒளு செய்யத்தான் தண்ணி சரியில்ல" என்று சிரித்தீர்கள். மழை பெய்தால் ஓரங்களில் பழைய எண்ணெய் மிதக்கும் தண்ணீர் தேங்கும். அதற்குள்தான் நின்றோம். மாலையில் மண்ணெண்ணெய் ஊற்றித் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, சுத்தமான பூட்ஸுக்குள் காலை நுழைத்து லாரி ஏறுவீர்கள். பாதம் எரிகிறது என்றீர்கள். பிறகு தோல் உரிந்தது. பிறகு அந்தப் புண் ஆறவே இல்லை.

உங்களுக்குச் சர்க்கரை இருந்தது உண்மை. டாக்டர் அதைத்தான் முதலில் சொன்னார். கம்பெனியும் அதையே பிடித்துக்கொண்டது. அதே தண்ணீரில் நின்ற என் காலுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று என்னிடமே கேட்டார்கள். என் கால் நன்றாக இருப்பதே உங்களுக்கு எதிரான சாட்சி ஆகிவிட்டது.

ஒரு காலை வெட்டி எடுத்த பிறகு ஆஸ்பத்திரியில் நீங்கள் என்னிடம் வேண்டியது ஒன்றே ஒன்று. "எனக்கு வேற எதுவும் வேணாம் தம்பி. மகன் தினமும் கேக்குறான், ஏன் வாப்பா பூட்ஸ் போடலன்னு. அவங்க சொல்லித்தான் கழட்டினோம்னு அவங்க வாயால ஒரு தடவ சொல்லச் சொல்லு. இல்லாட்டி புத்தி கெட்டவன்னு ஆயிடும்."

நான் பள்ளிக்கூடத்தை முடிக்காதவன். ஆங்கில அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கம்பெனியின் பாதுகாப்பு விதிகளை வரிவரியாகப் படித்தேன். எப்போதும் பூட்ஸ் போட வேண்டும் என்றுதான் எல்லா இடத்திலும் இருந்தது. படிக்கப் படிக்க எல்லாம் அவர்கள் பக்கமே சாய்ந்தது.

கடைசியில் உங்கள் பூட்ஸை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் மேசைமேல் வைத்தேன். ஃபோர்மேன் தலையைத் தூக்கவில்லை. "நான் அப்படிச் சொல்லல லா," என்றார். பாதுகாப்பு அதிகாரி நம்மவர்தான், சின்ன வயது. பூட்ஸைத் திருப்பி அடியைப் பார்த்தார். உள்ளே விரலை விட்டுப் பார்த்தார்.

"அங்கிள், இது தேயவே இல்லையே."

"அதத்தான் நானும் சொல்றேன். போட விடல."

"போடலன்னுதான் தெரியுது அங்கிள். விடலன்னு இதுல எங்க தெரியுது?"

பூட்ஸை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அன்றிலிருந்து அது என் வீட்டில்தான் இருக்கிறது.

இப்போது அந்தக் குட்டையின்மேல் புல் வளர்த்து, ஜனங்கள் ஓடப் பாதை போட்டிருக்கிறார்கள். சில ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்துப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். நல்ல நல்ல ஷூ போட்டுக்கொண்டு ஜனங்கள் ஓடுகிறார்கள். அவர்கள் காலுக்கு அடியில் நம் ஷீட் ஓட்டை விழாமல் கிடக்கிறது. அதை ஓட்டை விழாமல் காத்தது உங்கள் கால் என்று யாரை நிறுத்திச் சொல்வது?

இன்று மருமகளிடமிருந்து பூட்ஸை வாங்கியதும் உங்கள் மகனுக்குப் போன் செய்தேன். தஞ்சோங் பகாரில் ஆபீஸ் வேலையில் இருந்தார். "தம்பி, கழட்டச் சொன்னது அவங்கதான். வாப்பா தானா கழட்டல," என்றேன்.

"சரி அங்கிள். போன மாசமும் சொன்னீங்க. மருந்து டைம்முக்குச் சாப்பிடுறீங்களா?"

அவர் நல்ல பிள்ளை. என்னைச் சமாதானப்படுத்துகிறார். நம்பவில்லை, பாய்.

பூட்ஸைத் துடைத்து அதே மேல்தட்டில் வைத்துவிட்டேன். "எடுக்காத," என்று மட்டும் மருமகளிடம் சொன்னேன். உங்களைப் போல நானும் போன பிறகு அவள் எறிந்துவிடுவாள், அதை என்னால் தடுக்க முடியாது. அதுவரை அது வாசலில் இருக்கும். வருகிறவர்களில் யாராவது, இவ்வளவு புதிதாக இருக்கிறதே, யாருடையது என்று கேட்பார்கள். கழற்றச் சொன்னார்கள், கழற்றினார் என்று சொல்வேன். கேட்காமல் உள்ளே போகிறவர்களிடமும் சொல்வேன்.