அழற்சி என்றொரு பாதி பதில்

மார்ச் 4, செவ்வாய்

காலையிலிருந்து இடது கண் சிவந்து கிடக்கிறது. மதியம் நான் வேலை பார்க்கிற கிடங்குக்கு எதிரே இருக்கிற கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் நாற்காலியை விட்டு எழவே இல்லை. அழற்சிதான், இந்த சீசனில் எல்லாருக்கும் வருகிறது என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். வெளிச்சம் பட்டால் உள்ளே குத்துகிறது என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

சாயங்காலம் நாத்தனார் வந்தார். மாடியில்தான் குடியிருக்கிறார், ஃபோனில் பார்த்துக் கற்றுக்கொண்டு பெண்களுக்கு ஆரோக்கிய வகுப்பு எடுக்கிறார். என் கண்ணைப் பார்த்ததும் “இன்ஃப்ளமேஷன்” என்றார், அதே அழற்சிதான், இங்கிலீஷில். அவருக்கு எல்லாமே அதுதான். அவர் கணவரின் தொப்பை, பக்கத்து வீட்டுக்காரரின் சிடுசிடுப்பு, என் முதுகுவலி. பால், கோதுமை, சர்க்கரை மூன்றையும் நிறுத்தச் சொல்லி ஒரு பொடியைக் கையில் திணித்துவிட்டுப் போனார்.

மார்ச் 6, வியாழன்

மருந்து விட்டும் குறையவில்லை. தெருவிளக்கைச் சுற்றிப் புகை மூட்டம் மாதிரி தெரிகிறது.

மார்ச் 9, ஞாயிறு

இன்றைக்கு வகுப்பு எங்கள் கூடத்தில். மாடியில் இடம் போதவில்லையாம். எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது நாத்தனார் சொன்னாள்: “கோபத்த உள்ளயே வெச்சுக்கிட்டா அது உடம்புல இன்ஃப்ளமேஷனா மாறிடும். எங்க வீட்லயே உதாரணம் இருக்கே.”

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. கறுப்புக் கண்ணாடியோடு நான் நிற்கிறேன், கையில் தண்ணீர்ச் செம்பு.

சொன்னாள். ஆமாம், சொன்னாள்தான். இந்தப் பக்கத்தில் அவளுக்கு மரியாதை விகுதி கிடையாது.

எத்தனை வருஷமாக இந்த முதுகு? காலையில் எழுந்தால் இடுப்பு மரக்கட்டை. நடக்க நடக்கத்தான் இளகும். குனிந்து செருப்பை மாட்டுவதற்குள் உயிர் போய்விடும். மெத்தை சரியில்லை என்றார்கள், பிரசவத்துக்கு அப்புறம் அப்படித்தான் என்றார்கள், சோம்பேறி என்றார்கள். இப்போது கோபமாம். அட, எனக்கு வலிக்குதுய்யா. வலிக்குதுன்னு சொன்னா வலிக்குதுன்னு எடுத்துக்கத் தெரியாதா உங்களுக்கு?

அவர் — என் வீட்டுக்காரர் — வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டார். வாயைத் திறக்கவில்லை.

மார்ச் 10, திங்கள்

நான் ஓட்டுகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டியில் மேல் தட்டுக்குச் சரக்கை ஏற்றினேன். தட்டு இருக்கிறது என்று நினைத்த இடத்தில் தட்டு இல்லை. இரும்புத் தூணில் இடித்து ஒரு பெட்டி சரிந்து, சுமை இறக்கும் அண்ணனின் காலடியில் விழுந்து உடைந்தது. ஓரடி இந்தப் பக்கம் நின்றிருந்தால்... எழுத வரவில்லை.

அண்ணன் கத்தவில்லை. வண்டியருகே வந்து சாவியை எடுத்துக்கொண்டார்.

“உனக்கு அந்தப் பக்கம் கண்ணு தெரியலம்மா. இறங்கு. மொதல்ல பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ.”

மார்ச் 11, செவ்வாய்

கண் ஆஸ்பத்திரி. டாக்டரம்மா விளக்குக் கருவி வழியாக வெகுநேரம் பார்த்தார். கண்ணுக்கு உள்ளே, கருமணியைச் சுற்றி இருக்கிற திரையில் அழற்சியாம். திரை பின்னால் ஒட்டிக்கொள்ள ஆரம்பித்துவிட்டது. விட்டிருந்தால் பார்வையே போயிருக்கும் என்றார்.

அப்புறம் சம்பந்தமில்லாமல், காலையில் எழும்போது இடுப்பு விறைத்துக்கொள்கிறதா, நடந்தால் குறைகிறதா என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைப் பார்க்கிற டாக்டருக்கு என் இடுப்பு எப்படித் தெரியும்? சிலருக்கு இரண்டும் ஒரே நோயாக இருக்கும் என்று விளக்கினார்.

கிளினிக்கிலும் அழற்சி என்றுதானே சொன்னார்கள், வீட்டிலும் அதைத்தானே சொன்னார்கள் என்றேன்.

“அழற்சிங்கறது பாதி பதில்தாம்மா. எங்க, எதனாலன்னு சொன்னாத்தான் முழுசு. பாதியோட நிறுத்திட்டா யாருக்கு வேணா எதுக்கு வேணா சொல்லலாம்.”

கோபத்தால் வருமா என்றும் கேட்டேன், வெட்கத்தை விட்டு.

“கோபத்தால இந்த நோய் வராது. கோபப்பட்டா கோபந்தான் வரும்.”

மார்ச் 27, வியாழன்

மூட்டு டாக்டரும் உறுதி செய்துவிட்டார். முதுகெலும்பு இடுப்போடு சேரும் மூட்டுகளில் நாள்பட்ட அழற்சி. உடம்பின் காவலே உடம்பைத் தாக்குகிறதாம். நோயின் பெயர் வாயில் நுழையவில்லை. ஊசி ஆரம்பிக்கிறார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் வீட்டுக்காரரிடம் கேட்டேன்: “உங்க அக்கா சொன்னத நீங்க நம்புனீங்களா?”

“நம்பல.”

“அப்புறம் ஏன் பேசாம நின்னீங்க?”

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நம்பியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

கண் தெளிந்துவிட்டது. ஓரத்தில் மட்டும் சின்னதாக ஒரு மங்கல், அது போகாதாம். வேலையில் இன்னும் வண்டியைத் தரவில்லை, மேஜை முன்னால்தான் உட்கார வைத்திருக்கிறார்கள்.

நாத்தனார் நாலு பெண்களோடு வந்தார். பாருங்க, எப்படித் தெளிஞ்சிடுச்சு, எல்லாம் நம்ம பொடிதான் என்று என் முகவாயைப் பிடித்துக் காட்டினார். எனக்கு ரத்தம் தலைக்கேறியது. நான் வாய் திறப்பதற்குள் அடுக்களையிலிருந்து என் வீட்டுக்காரர் வந்தார்.

“அக்கா, அந்தப் பொடிய அவ பிரிக்கவே இல்ல. கண்ணு போக இருந்துச்சு. அவ கோபத்தப் பத்தி இனிமே இந்த வீட்ல நீ பேசாத.”

தணிந்த குரல்தான். நாத்தனாரின் முகம் செத்துவிட்டது. நான் சமாதானம் சொல்லவில்லை. இவ்வளவு நாள் கழித்தா என்று அவர் மேலும் கோபம்தான் வந்தது.

ஆனாலும் அவர் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தேன்.

மே 12, திங்கள்

கண் பரிசோதனையில் தேறி, வண்டிச் சாவி கைக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. இன்று மேற்பார்வையாளரோடு பெரிய சண்டை. பின்பக்க விளக்கு எரியாத வண்டியை ஓட்டச் சொன்னார். முடியாது என்று கிடங்கே கேட்கும்படி கத்தினேன். விளக்கை மாற்றிய பிறகுதான் ஏறினேன். வீட்டுக்கு வந்த பிறகும் கோபம் ஆறவில்லை, ஆறாமலே படுக்கப் போகிறேன்.

மே 13, செவ்வாய்

எழுந்தேன், இடுப்பு விறைக்கவில்லை. குனிந்து செருப்பை மாட்டினேன். கோபம் அப்படியேதான் இருந்தது. கிளம்பிவிட்டேன்.