மிஞ்சிய ஒரு சொல்

செப்டம்பர் 1, செவ்வாய்

இன்று லாண்டரியில் நூற்றுப் பத்து விரிப்பு இஸ்திரி போட்டு மடித்தேன். கை பாட்டுக்கு மடிக்கிறது, மனம் எங்கோ கிடக்கிறது. ஒரு மணிக்கு வீடு வந்தபோது, காலையில் சாய்த்துவிட்டுப் போன தலையணையில் என் வீட்டுக்காரர் அப்படியே இருந்தார். நான் வேலைக்குப் போகும் நேரத்தில் பக்கத்து வீட்டு அக்கா வந்து உட்காருவாள். "சூப் ரெண்டு கரண்டிதான் இறங்குச்சு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவருக்குப் பக்கவாதம் வந்து ஐந்து மாதம் ஆகிறது. வலது கை, வலது கால், பேச்சு, எல்லாம் போயிற்று. மிஞ்சியது ஒரே ஒரு சொல்: போதும். தண்ணீர் கொடுத்தால் போதும். உடம்பைத் துடைத்துவிட்டால் போதும். வெளியூரிலிருந்து மகள் போனில் அழுதால் அதற்கும் போதும்.

இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டியவர். ஸ்டியரிங்கைப் பிடித்தால் வாயும் சேர்ந்து ஓடும். இவர் கதையைக் கேட்டு எத்தனையோ பேர் இறங்க வேண்டிய நிறுத்தத்தைக் கோட்டை விட்டிருக்கிறார்கள் என்று டிப்போவில் கேலி செய்வார்கள். நானே எத்தனை தடவை "கொஞ்ச நேரம் சும்மா இருங்களேன்" என்று சொல்லியிருக்கிறேன்.

செப்டம்பர் 2, புதன்

டாக்டர் எடை பார்த்தார். ஒரே மாதத்தில் நாலு கிலோ குறைந்திருக்கிறது.

"இப்படியே போனா வயித்துல ட்யூப் வைக்க வேண்டியிருக்கும்மா. மாசக் கடைசில முடிவு பண்ணிடலாம். அவருக்கு விருப்பம் இருக்கான்னு தெரிஞ்சா நல்லது" என்றவர், இவர் பக்கம் குனிந்து, "ஐயா, ட்யூப் வச்சுக்கலாமா?" என்று கேட்டார்.

"போதும்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். வாழ்ந்தது போதும் என்கிறாரா? அவர் மனைவி நான். எனக்கே தெரியவில்லை. டாக்டர் ஏதோ எழுதிக்கொண்டார்.

செப்டம்பர் 6, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. இது எட்டாவது வாரம். அவரைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று சபையில் சொல்லி வைத்திருக்கிறேன். பொய். அக்கா உட்காரத் தயார். எனக்குத்தான் போக மனமில்லை.

முன்பெல்லாம் முழங்கால் போட்டால் அரைமணி நேரம் ஜெபம் பண்ணுவேன். இன்று வந்தது இவ்வளவுதான் — ஆண்டவரே, போதும்.

எழுந்து துணி துவைக்கப் போய்விட்டேன்.

செப்டம்பர் 8, செவ்வாய்

முடியல. என்னால முடியல.

சூப்பை இடது கையால் தட்டிவிட்டார். படுக்கை, அவர் சட்டை, என் உடுப்பு, எல்லாம் நாசம். "உங்களுக்குப் போதும்னா எனக்கும் போதுங்க. எனக்கு மட்டும் என்ன ஆசையா?" என்று கத்தினேன். அவர் கண் நிறைந்துவிட்டது. நானெல்லாம் என்ன மனுஷி?

நாளைக் காலையில் நாங்கள் இரண்டு பேருமே கண் விழிக்காமல் போனால் யாருக்கு என்ன நஷ்டம் — இதை எழுதியிருக்கக் கூடாது. எழுதிவிட்டேன். இருக்கட்டும்.

செப்டம்பர் 12, சனி

சபை மூப்பர் வந்தார். தொழில் பிளம்பர். நலம் விசாரிக்கும் முன்பே நேராகச் சமையலறைக்குப் போய், சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கிவிட்டுத்தான் வந்து உட்கார்ந்தார். இவர் ஜெபம் சபையில் பிரசித்தம். தொடங்கினால் உலகத்தையே ஒரு சுற்று சுற்றாமல் இறங்கமாட்டார். இன்றும் கண்ணை மூடினார். ஆதாமில் ஆரம்பித்து, வெள்ளத்தைத் தாண்டி, வனாந்தரத்தில் நடந்துகொண்டிருந்தார். எங்கள் தெருவுக்கு வந்து சேர இன்னும் வெகுதூரம் இருந்தது. அப்போது கட்டிலிலிருந்து ஒரு குரல்.

"போதும்."

தெளிவாக, பஸ்ஸின் பின்சீட்டுவரை கேட்கும் அந்தப் பழைய குரலில். மூப்பர் கண்ணைத் திறந்தார். உடனே "ஆமென்" என்றார். பிறகு என்னிடம், "சபையில எல்லாரும் இத்தனை வருஷமா மனசுக்குள்ள சொன்னதை இவர்தாம்மா வாய்விட்டுச் சொல்லியிருக்காரு" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கட்டிலில் அவரும் சிரித்தார், வாயின் இடது பக்கம் மட்டும்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே மூப்பர் கேட்டார்: "நீங்க எப்படிம்மா இருக்கீங்க? ஜெபம் பண்ண முடியுதா?"

"ஒரு வார்த்தைக்கு மேல வர மாட்டேங்குதுங்க."

புத்தி சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். தலையை ஆட்டினார். "அந்தக் குழாய்ல வாஷர் தேஞ்சுபோச்சு. செவ்வாய்க்கிழமை வந்து மாத்தித் தரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

செப்டம்பர் 14, திங்கள்

அந்தச் சிரிப்பு என்னை விடவில்லை. வாழ்க்கையே வேண்டாம் என்றிருப்பவர், ஜெபம் நீளம் என்று கிண்டல் செய்வாரா?

லாண்டரிக்கு லீவு சொல்லிவிட்டு, நாள் முழுக்க அவர் சொல்வதை உற்றுக் கேட்டேன். ஜன்னலைத் திறந்தபோது மெதுவாக ஒரு போதும் — இவ்வளவு திறந்தால் சரி என்பது. முதுகைத் தேய்த்தபோது இழுத்து ஒரு போதும். நிறுத்தினேன், முறைத்தார். நிறுத்தாதே என்பது அது. சூப்புக்குச் சொன்னது மட்டும் வெடுக்கென்று, முகத்தைச் சுளித்துக்கொண்டு. அப்படி என்னதான் இருக்கிறது என்று நானே ஒரு கரண்டி வாயில் வைத்துப் பார்த்தேன்.

உப்பே இல்லை. ஆஸ்பத்திரியில் குறைக்கத்தான் சொன்னார்கள். பயத்தில் நான் அடியோடு நிறுத்தியிருக்கிறேன். ருசி பார்க்கும் பழக்கமும் எனக்கு விட்டுப்போயிருக்கிறது. நான் என்ன சாப்பிடுகிறேன் என்று எனக்கே தெரியாதபோது அவர் சாப்பாட்டை எங்கே ருசி பார்க்க? பாவம் மனுஷன், ஐந்து மாதமாகக் கழுநீரைக் குடித்திருக்கிறார்.

செப்டம்பர் 15, செவ்வாய்

மருத்துவமனைக்குப் போன் செய்து கேட்டேன். உப்பு ஒரு சிட்டிகை போடலாமாம். மிளகும் எலுமிச்சையும் தாராளமாக. ஒன்பது கரண்டி இறங்கியது.

மூப்பர் வாஷர் மாற்றினார். ஜெபம் ஒரே நிமிடம்.

செப்டம்பர் 17, வியாழன்

இஸ்திரி மேஜை முன்னால் நின்றபோது தோன்றியது. ஒரே ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவர் என்னிடம் இவ்வளவு பேசுகிறார். ஐந்து மாதம் செவிடாக இருந்த எனக்கே இப்போது பாதி புரிகிறது. ஆண்டவரிடம் பேச எனக்கும் அதே சொல்தான் மிஞ்சியிருக்கிறது. நான் அதை எப்படிச் சொன்னேன், எந்தக் குரலில் சொன்னேன் என்று ஆண்டவருக்குக் கேட்டிருக்காதா? ஜெபத்தை விட்டுவிட்டேன் என்றல்லவா இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். விடவே இல்லையே.

விரிப்பு நனைந்துவிட்டது. சூப்பர்வைசர் அம்மா எட்டிப் பார்த்து, "மெஷின்ல தண்ணி ஒழுகுதா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

செப்டம்பர் 20, ஞாயிறு

போனேன். கடைசி வரிசை. பாட்டுக்கு வாய் திறக்கவில்லை. எல்லோரும் ஜெபித்து ஓய்ந்த பிறகு என் சொல்லைச் சொன்னேன். அதே போதும்தான். ஆண்டவரே, நீர் கேட்டால் போதும் என்ற அர்த்தத்தில்.

களைப்பு தீரவில்லை. கால்வலி அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் திரும்பி வரும்போது அவருக்கு எலுமிச்சை வாங்க வேண்டும் என்று ஞாபகம் இருந்தது.

செப்டம்பர் 29, செவ்வாய்

அரைக் கிலோ ஏறியிருக்கிறது. ட்யூப் இப்போதைக்கு வேண்டாம், இன்னும் இரண்டு வாரம் பார்க்கலாம் என்றார் டாக்டர். வயிற்றை அமுக்கிப் பார்த்தபோது இவர் "போதும்" என்றார். "இதுக்கு என்னம்மா அர்த்தம்?" என்று டாக்டர் என்னிடம் கேட்டார்.

"உங்க கை ஜில்லுன்னு இருக்காம், எடுக்கச் சொல்றாரு" என்றேன்.

அக்டோபர் 1, வியாழன்

மதியம் சூப் முழுக்கக் குடித்துவிட்டார். கிண்ணத்தைக் கழுவ எடுத்துக்கொண்டு போனேன். பின்னால் கட்டில் கிறீச்சிட்டது. திரும்பிப் பார்த்தால் உதடு கோணிக்கொண்டு எதற்கோ பாடுபடுகிறது. வலியோ என்று பயந்துபோய் நின்றேன். அவர் கண் என் மேல் இல்லை, கிண்ணத்தின் மேல் இருந்தது.

"போ... போதாது."