மேல்கம்பத்தைத் தொடாத கை

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அக்கா குடும்பமும் சுகம், கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஊசியில் நானே நூல் கோக்கிறேன். நீயும் சுகம் என்று போனில் சொன்னாய். அதில் பாதியைத்தான் நம்பினேன், மீதிப் பாதிக்காகத்தான் இந்தக் கடிதம். போனில் பேசலாமே என்பாய். போனில் நான் முக்கியமான விஷயத்துக்கு வரும்போதெல்லாம் உனக்கு சிக்னல் போய்விடுகிறது, கடிதத்தில் அந்த வசதி கிடையாது. தபாலில் போட்டால் உன் சீசன் முடிந்த பிறகுதான் வந்து சேரும் என்று அக்கா சொல்கிறாள், ஆகையால் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அவளே அனுப்புவாள். படிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன், படிப்பாள். படித்துக்கொண்டிருந்தால், பெண்ணே, மொட்டை மாடியில் துணி காய்கிறது, எடுத்துவிட்டு வந்து மீதியைப் படி.

வீட்டுச் செய்தி பெரிதாக ஒன்றுமில்லை. தண்ணீர்த் தொட்டி மோட்டார் மறுபடி மக்கர் செய்தது, பழுது பார்க்க வந்தவர் இது இனி தாங்காது என்று போன தடவை சொன்னதையே இந்தத் தடவையும் சொல்லிவிட்டு ஓடவைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். அக்கா மகள் கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறாள், கையெழுத்துதான் கோழி கிளறினாற்போல் இருக்கிறது, நான் படித்த கான்வென்ட் சிஸ்டர் பார்த்திருந்தால் அந்தத் தாளைத் தொட்டுக்கூட இருக்கமாட்டார். உன் அத்தை வந்திருந்தாள். வழக்கம்போல "என்ன அண்ணி, பையன் இன்னும் பந்துதான் விளையாடறானா?" என்று கேட்டாள். டாக்டர் ஊசி போடுவதை ஊசி விளையாட்டு என்றா சொல்கிறோம், அது அவன் தொழில் என்றேன். யார் கேட்டாலும் என் மகன் கோல்கீப்பர் என்று நிமிர்ந்துதான் சொல்கிறேன், மூன்றாம் டிவிஷன் என்பதையும் அவர்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். ஒளித்துச் சொன்னால் பெருமை பாதியாகிவிடும்.

உன் ஆட்டம் ஒன்றையும் நான் லேப்டாப்பில் பார்க்காமல் விடுவதில்லை என்பது உனக்குத் தெரியும். எதிர்வீட்டு ரிடையர்டு பஸ் கண்டக்டரும் நேரத்துக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். தெருவே அவரை விசில் என்றுதான் கூப்பிடுகிறது, நடுவர் ஊதுவதற்கு முன்னால் இவர் ஊதிவிடுகிறார். உங்கள் க்ளப்காரர்கள் கூரைமேல் ஒற்றைக் கேமராவை வைத்திருக்கிறார்கள், அதன் முன்னால் ஒரு காக்கை வந்து உட்கார்ந்தால் பாதி மைதானம் காணாமல் போகிறது. இருந்தாலும் உன் பக்கத்துக் கோல் நன்றாகவே தெரிகிறது. விசில் பந்தைப் பார்ப்பார். நான் பார்ப்பதில்லை. பந்து எங்கே போனால் எனக்கென்ன, அது அந்தக் கோடியில் கிடக்கும்போதும் நீ இந்தக் கோடியில் என்ன செய்கிறாய் என்றுதான் பார்த்துக்கொண்டிருப்பேன். கோல்கீப்பரைப் பெற்றவள் ஆட்டம் பார்ப்பது அப்படித்தான். இதை நீ மறந்துவிட்டாய் என்று நினைக்கிறேன்.

நீ பள்ளிக்கூட அணியில் சேர்ந்த புதிதில் நான் கோட்டுக்கு வெளியே நின்று காலில் அடிபட்டதா, கை வலிக்கிறதா என்று கத்தி உன் மானத்தை வாங்கினேன். அழுதுகொண்டே வந்து ஓர் ஒப்பந்தம் போட்டாய். "அம்மா, ஆட்டம் தொடங்கறதுக்கு முன்னாடி நான் எகிறி கோலோட மேல்கம்பத்தைத் தொடுவேன். தொட்டா நல்லா இருக்கேன்னு அர்த்தம். நீ வாயே திறக்கக் கூடாது." அன்றிலிருந்து நான் வாயைத் திறக்கவில்லை, நீயும் எத்தனையோ க்ளப் மாறி, எத்தனையோ ஊர்களில் எத்தனையோ மேல்கம்பங்களைத் தொட்டாய். அவ்வளவும் வலது கையால். இப்போது சில வாரங்களாக நீ எகிறுவதில்லை. பக்கத்துக் கம்பத்தை இடது கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வந்து நிற்கிறாய். விசில்கூடக் கவனித்துவிட்டு, "என்னக்கா, உங்க பையனுக்கு மேலே எட்டலையா, வயசாயிடுச்சா?" என்றார். உங்களுக்கு வயசானா ஊருக்கே வயசாகணுமா என்று அவர் வாயை அடைத்தேன், ஆனால் என் மனசை அடைக்க முடியவில்லை. அதன்பிறகு பார்த்தால், முன்பு நடுக்கோடுவரை கையால் எறிவாய், இப்போது எல்லாப் பந்தையும் காலால் உதைக்கிறாய். போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போது அலமாரி மேலிருக்கும் அப்பா படத்தை எடுத்துக் காட்டு என்று கேட்டேன் அல்லவா, ஆசைக்குக் கேட்டேன் என்று நினைத்தாயா? கண்ணாடி போட்ட கனமான படம், இரண்டு கையும் வேண்டும். நீ நாற்காலி போட்டு ஏறி எடுத்தாய். ஆறடி இரண்டங்குலத்துக்கு எதற்கப்பா நாற்காலி?

ஆக, வலது தோள் தூக்க வரவில்லை. நீ ஏன் மூடி மறைக்கிறாய் என்பதும் எனக்குத் தெரியும். சீசன் கடைசிவரை விளையாடினால் இன்னொரு வருஷத்துக்குக் கையெழுத்து வாங்குவதாக உன் பயிற்சியாளர் சொல்லியிருக்கிறார், முப்பத்துநாலு வயதில் இந்தக் க்ளப் விட்டால் வேறு க்ளப் எடுக்குமா என்று உனக்குப் பயம். நியாயமான பயம்தான். ஆனால் ஒன்றை யோசி. பழைய லேப்டாப்பில், காக்கை மறைத்தது போக மிச்சமிருக்கும் மைதானத்தில், ஒரு கிழவி கண்டுபிடித்ததை எதிர் அணிக்காரன் கண்டுபிடிக்கமாட்டானா? போன ஆட்டத்தில் உனக்கு விழுந்த மூன்று கோலும் உன் வலது மேல்மூலையில்தான் விழுந்தன. மூன்றாவதை அடித்தவன் உன் இடது பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விசில் அதிர்ஷ்டம் கெட்ட நாள் என்றார். நான் லேப்டாப்பை மூடிவிட்டேன். ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது, மகனே. உன் டாக்டருக்கும் உன் பயிற்சியாளருக்கும்தான் தெரியாது. யாரிடம் ஒளிக்க வேண்டுமோ அவர்களிடம் ஒளிக்க உன்னால் முடியவில்லை, யார் உதவி செய்வார்களோ அவர்களிடம் மட்டும் ஒளித்துக்கொண்டிருக்கிறாய்.

உன் அப்பா கதை உனக்கு முழுதாகத் தெரியாது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தபோது அவருக்குக் காது மந்தமாகிவிட்டது. வெளியே சொன்னால் கீழே இறக்கிவிடுவார்கள் என்று வாயசைவைப் பார்த்துப் பார்த்தே சமாளித்தார். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு முதுகைக் காட்டி என்ன கேட்டாலும் சரி என்பார், இந்த வயதில் இவ்வளவு நல்ல புருஷனாக மாறிவிட்டாரே என்று நான்கூடக் கொஞ்ச நாள் சந்தோஷப்பட்டேன். பிறகு உன் அக்காவை வெளியூர்ப் பள்ளிக்கு அனுப்பவா என்று கேட்டதற்கும் சரி என்றாரே, அப்போதுதான் புரிந்தது. கீழே ஆள் நிற்கிறான், தூக்காதே என்று ஒருவன் கத்தி, அது காதில் விழாவிட்டால் என்ன ஆகும் என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன், அவர் முகத்துக்கு நேராக நின்று. மறுநாள் அவராகவே போய்ச் சொன்னார். கிடங்குக்கு மாற்றினார்கள். சந்தோஷமாக இருந்தார் என்று பொய் சொல்லமாட்டேன், ரோட்டில் போகும்போது கிரேன் தெரிந்தால் கடைசிவரை நின்று பார்த்துவிட்டுத்தான் வருவார். ஆனால் வீட்டுக்குள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நுழைந்தார், ஒரு பயமும் இல்லாமல் தூங்கினார்.

அதனால் திங்கட்கிழமை பயிற்சிக்குப் போனதும் உடை மாற்றுவதற்கு முன்னால் டாக்டர் அறைக்குப் போ. மருந்து மாத்திரை கேட்டுக்கொண்டு நிற்காதே, தோளைக் காட்டு. பிறகு பயிற்சியாளரிடம் நீயே சொல், இன்னொருவர் சொல்லித் தெரியவேண்டாம். நேராக நின்று சொல், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு முணுமுணுக்காதே. ஒப்பந்தம் கிடைக்காமல் போகலாம், போகாது என்று நான் சொல்ல முடியாது. போனால் வா, உன் அறையில் அக்கா மகளின் சைக்கிள்தான் நிற்கிறது, எடுத்து வெளியே வைத்துவிடலாம். நாளைக்கு உனக்குப் பிள்ளை பிறந்தால் தூக்கிப் பிடிக்க ஒரு கை வேண்டும், அதை ஒரு சீசனுக்குக் கொடுத்துவிடாதே. நான் பெருமைப்பட வேண்டும் என்பதற்காக ஒன்றும் செய்ய வேண்டாம், என் பெருமைக்குத் தேவையானதை எல்லாம் நீ செய்துவிட்டாய், மிச்சம்கூட இருக்கிறது.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அன்றைக்கு நாற்காலியிலிருந்து நீ இறங்கியதைப் பார்த்தபோது இருந்தது, பிறகு யோசித்துப் பார்த்தேன். இடது கையால் எகிறி அந்த மேல்கம்பத்தைத் தொட்டிருக்கலாம். நான் ஏமாந்திருந்தாலும் ஏமாந்திருப்பேன். நீ தொடவில்லை. பயிற்சியாளரை, டாக்டரை, கூட விளையாடுகிறவர்களை எல்லாம் ஏமாற்றியவனுக்கு அந்த ஒரு பொய்யை மட்டும் சொல்ல வரவில்லை. ஆகவே எனக்கு நீ முதலிலேயே சொல்லிவிட்டாய் என்றுதான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

சனிக்கிழமை ஆட்டத்துக்கு விசிலும் நானும் உட்கார்ந்துவிடுவோம். கோலில் வேறொருவன் நிற்கட்டும், அவனுக்கும் ஒரு தாய் இருப்பாள், பார்க்கட்டும். நீ பெஞ்சில் கேமராவுக்குத் தெரிகிற ஓரமாக உட்கார். தோள்கட்டு வெளியே தெரியட்டும், மேலே கோட்டைப் போட்டு மறைக்காதே. அதைப் பார்த்துவிட்டேன் என்றால் நீ மேல்கம்பத்தைத் தொட்டதாகக் கணக்கு. வாயே திறக்கமாட்டேன்.

கடவுள் உன்னைக் காப்பார், அப்பாவும் கூடவே இருப்பார். இனி அந்தப் படத்தை அவ்வளவு உயரத்தில் வைக்காதே, மேஜைமேல் வை.

என்றும் உன் நலம் வேண்டும்,
அம்மா