அக்காவை பிளாக் செய்த ஏழு வாரம்

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் கடையும் நலம். நீ வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்குவதாகச் சொல்வதை நம்பிக்கொண்டிருக்கிறேன். அப்பாவுக்கு முட்டி வலி தேவலை, ஏதாவது எடுத்து வைக்கச் சொன்னால் மட்டும் திரும்பி வந்துவிடுகிறது. மெயிலில் எழுதாமல் தாளில் எழுதுகிறாளே என்று பார்க்காதே, அனுப்பினது போய்ச் சேர்ந்ததா என்று இப்போது எனக்கு மெயில் மேலேயே சந்தேகம்.

மெயிலில் வேண்டாதவர்களை பிளாக் செய்வது எப்படி என்று நீ போனில் சொல்லிக்கொடுத்தாயே, அன்று என் கை சும்மா இருக்கவில்லை. பெட்டி ஒட்டும் டேப் விற்கிறவன், கடன் தருகிறேன் என்கிறவன், பரிசு விழுந்தது என்கிறவன், எல்லாரையும் அடைத்தேன். அந்த வேகத்திலேயே உன் பெரியம்மாவையும் அடைத்துவிட்டேன். அவளுக்குப் போனில் காது சரியாகக் கேட்பதில்லை என்று மெயிலுக்கு மாறினவள். தினம் பன்னிரண்டு வரும், பூப்படம், வெந்நீரின் மகிமை, சிரிப்புத் துணுக்கு. ஆர்டர் எது, அக்கா எது என்று தேடவேண்டியிருந்தது. அடைத்த பிறகு நிம்மதியாகத்தான் இருந்தது, உன்னிடம் ஏன் மறைக்க.

போன வாரம் ஒரு பிஸ்கட் கம்பெனிக்காரர் அட்டைப்பெட்டிக்கு ஆர்டர் அனுப்பிவிட்டேன் என்று சாதித்தார். ஸ்பேமில் தேடினேன். அவருடையது அங்கே இல்லை, பெரியம்மாவுடையவை குவிந்திருந்தன. கடைசியாக வந்தது இருபத்துமூன்று நாள் பழசு. வீட்டுக்காரர் வீட்டை விற்கிறார், காலி பண்ணணும், உன் மாடி ரூம்ல வந்து இருக்கட்டுமாடி, தோதுப்படலேன்னா பதில் போடாதே, நான் புரிஞ்சுக்கிறேன் என்று எழுதியிருந்தாள். அதற்குப் பிறகு அவளிடமிருந்து ஒரு பூப்படம்கூட இல்லை. முப்பது நாளுக்கு முந்தியவை தானாக அழிந்துவிட்டனவாம், அவற்றில் என்ன இருந்ததோ.

உனக்கு இது தெரியாது. எங்கள் இருவருக்குள் சின்ன வயதிலிருந்தே முடியாது என்ற பேச்சு கிடையாது. முடியாவிட்டால் பேசாமல் இருந்துவிடுவோம், மற்றவள் புரிந்துகொள்வாள். நான் கடை போடுகிறேன், கூட வந்து நில்லுக்கா என்று ஒரு காலத்தில் கேட்டேன். மூன்று நாள் அவள் வாயே திறக்கவில்லை. தனியாகவே தொடங்கினேன். இன்றுவரை நான் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. இப்போது அவள் கேட்டிருக்கிறாள், நான் வாயே திறக்கவில்லை. பழைய கணக்கைத் தீர்த்துக்கொண்டேன் என்றுதானே நினைத்திருப்பாள்?

கடைக்கு எதையாவது விற்க வருகிறவனிடம் வேண்டாம்பா என்று முகத்துக்கு நேரே சொல்வேன், அவனும் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுவான். மெயிலில் அடைத்தது அடைபட்டவருக்குத் தெரிவதே இல்லை. பதில் வரும் வரும் என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

அன்றே பஸ் பிடித்துப் போனேன். அதற்குள் அவள் வேறிடம் மாறிவிட்டாள், அக்கம்பக்கத்தில் விசாரித்துக்கொண்டு அங்கே போனேன். ஒற்றை அறை, நாலு பேருக்குப் பொதுவாக ஒரு சமையலறை. மூலையில் சாமான் கட்டி வந்த பெட்டிகள். வேறு கடைப் பெட்டி, மெல்லிய அட்டை, ஒன்றின் அடி பிய்ந்து பாத்திரம் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. அட்டைப்பெட்டி மொத்த வியாபாரியின் அக்கா ஒரு காலிப் பெட்டிகூட என்னிடம் கேட்கவில்லை.

லாரி நாளைக்கு வந்துவிடும் என்று வாடிக்கையாளரிடம் கூசாமல் பொய் சொல்கிறவள் நான். நெட் வேலை செய்யலைக்கா என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் முடியாதுன்னு சொல்லலக்கா, உன்னை பிளாக் பண்ணிட்டேன் என்றேன். அப்படின்னா என்னடி என்று கேட்டாள். அதையும் அவள் காதருகே கத்தி விளக்கவேண்டியதாயிற்று, பக்கத்து அறைக்காரிகள் எட்டிப் பார்த்தார்கள். எத்தனை நாளா என்றாள். ஏழு வாரம் என்றேன். அந்தத் துணுக்குல பாதி நானே எழுதினதுடி, நீ முடியாதுங்கறேன்னு நினைச்சப்பகூட இவ்வளவு வலிக்கல என்றாள்.

இப்பவே கிளம்புக்கா என்று கூப்பிட்டேன். வரமாட்டேன் என்றாள். வாழ்நாளில் முதல்முறையாக என்னிடம் வாய்விட்டுச் சொன்னாள். ரெண்டு மாசம் இங்கதான் இருப்பேன், நீ தினம் படிச்சுப் பதில் போடு, அப்புறம் யோசிக்கிறேன் என்றாள். எனக்கே பேரம் சொல்லித்தருகிற மாதிரி இருந்தது, சரி என்றேன்.

இன்றோடு ஆறு நாள். தினம் படிக்கிறேன், சிரிப்பு வராத துணுக்குக்குச் சிரிப்பு வரவில்லை என்றே எழுதுகிறேன், அவளும் திட்டி எழுதுகிறாள். நேற்று வந்தவற்றில் ஒன்றில் ஒரே ஒரு வரிதான். உன் மாடிப்படிக்குக் கைப்பிடி இருக்கா என்று கேட்டிருந்தாள். இல்லை, நாளை காலை தச்சர் வருகிறார் என்று பதில் போட்டுவிட்டு, அதன் பிறகுதான் தச்சருக்குப் போன் செய்தேன். இதோ, கீழே அளவெடுத்துக்கொண்டிருக்கிறார்.

நீ நல்லபடியாக இரு, எடுத்த வேலை எல்லாம் கூடிவரட்டும். பெரியம்மாவுக்கு நாலு வரி எழுது, நான் சொல்லி எழுதுவதாகக் காட்டிக்கொள்ளாதே.

இப்படிக்கு,
உன் அம்மா