நீ என்னை அடித்த மதியம்

ஏட்டி,

இன்று காலை செங்கோட்டை பஸ்ஸில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கீழே விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு என் கை தானாக வாயைப் பொத்திக்கொண்டது. பல்வலியா என்று பக்கத்து சீட்டுக்காரர் கேட்டார். இல்லை என்றேன். உன் நினைப்புதான்.

அப்போது நாம் பிளஸ் ஒன் படிக்கிறோம். தென்காசியில் நம் பள்ளிக்கூடத்துக் குழாயடியில் குனிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். நீ பின்னால் வந்தது தெரியாது. என் சடையைப் பிடித்து நிமிர்த்தி, டிபன் பாக்ஸால் முகத்தில் அடித்தாய். முதல் அடியில் புருவம் கிழிந்தது. அடுத்ததில் முன்பல் உடைந்து நாக்கில் கிடந்தது. கண்ணுக்குள் ரத்தம் இறங்கி ஒன்றும் தெரியவில்லை. அகப்பட்டது உன் மணிக்கட்டு, கடித்தேன். நீ கத்தவே இல்லை. மறு கையால் அடித்துக்கொண்டே இருந்தாய். பிள்ளைகள் கூடித்தான் நம்மைப் பிய்த்தெடுத்தார்கள்.

அதற்கு முன்னும் நமக்குள் ஆகாதுதான். என் அப்பா குடித்துவிட்டு ரோட்டில் கிடப்பதை வகுப்பில் நடித்துக் காட்டுவாய். ஆனாலும் கொல்ல வருகிற மாதிரி அடிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

பெரியாஸ்பத்திரியில் எனக்குத் தையல், உனக்கு ஊசி. ஒரே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு டீச்சர் மாத்திரை வாங்கப் போனார். சுந்தரபாண்டியபுரத்திலிருந்து என் மாமா ஆட்களோடு கிளம்பிவிட்டார், உன் கையை ஒடிக்காமல் திரும்பமாட்டார் என்று உன்னிடம் சொன்னேன். பயப்படுவாய் என்று நினைத்தேன். ஒடிக்கட்டும் என்றாய்.

அந்தக் குரலைக் கேட்டபிறகுதான் கேட்டேன். "எதுக்குட்டி அடிச்ச?"

"நான் ஐந்தருவில ஒரு பையன்கூட நின்னத நீதான எங்கண்ணன்ட்ட சொன்ன."

"பாத்தேன். சொல்லணும்னு ஆசையாத்தான் இருந்துச்சு, உன் மேல அவ்வளவு எரிச்சல். ஆனா சொல்லலட்டி."

ஆசை இருந்தது என்று நான் ஒத்துக்கொண்டதால்தான் நம்பியதாகப் பின்னாளில் சொல்வாய். அப்போது முதுகைத் திருப்பி, சுடிதாரின் பின்கழுத்தை இழுத்துக் காட்டினாய். பெல்ட் தடங்கள். பக்கிள் கிழித்த இடத்தில் துணி தோலோடு ஒட்டியிருந்தது.

"அவன் அடிக்கும்போது உன் மூஞ்சிதான் எனக்குத் தெரிஞ்சுது. அவன அடிக்க முடியல. உன்னைய அடிச்சிட்டேன்."

என் வீட்டிலும் அடி உண்டு, அம்மாவுக்கு விழுகிறது என்று, யாரிடமும் சொல்லாததை அன்று உன்னிடம் சொன்னேன். இனி உன் அப்பாவை நடித்துக் காட்டமாட்டேன் என்றாய். வாய் வீங்கிப்போய் எனக்கு அழக்கூட வரவில்லை.

மாமா கம்புகளோடு வந்து இறங்கியபோது நான் உன் முன்னால் நின்றேன். அவரோடு வந்த அம்மாவைக் கூப்பிட்டு உன் முதுகைப் பார்க்கச் சொன்னேன். பார்த்த அம்மா உன்னை வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டாள். சாயங்காலம் உன் அண்ணன் வாசலில் வந்து கத்தினான். உன் கையை ஒடிக்க வந்த கம்புகள்தான் அவனை மறித்து நின்றன. அதன்பிறகு அவன் உன்மேல் கை வைக்கவில்லை.

நீ போலீஸில் சேர்ந்தாய். போன ஐப்பசி மழையில் புளியங்குடி ரோட்டில் வண்டிகளை நிறுத்திச் சோதித்துக்கொண்டிருந்த உன்மேல் லாரி ஏறியது. முகத்தைக்கூட எங்களுக்குக் காட்டவில்லை.

அச்சன்புதூரில் உங்கள் வீட்டில் உன் அண்ணன் உன் கால்மாட்டில் தலையை முட்டி முட்டி அழுதான். எனக்கு அவனை அடிக்க வேண்டும் போலிருந்தது. முஷ்டியை மடக்கிக்கொண்டுதான் பக்கத்தில் போனேன். போனபின் அடிக்கத் தோன்றவில்லை, கேட்கத்தான் தோன்றியது.

"அன்னைக்கு இவள பெல்ட்டால அடிச்சீங்கல்லா?"

யாரோ என் கையைப் பிடித்து இழுத்தார்கள். அவன் தலை நிமிரவில்லை.

"அடிச்சேன்" என்றான். பிறகு, "தப்புன்னு அவட்ட சொல்லணும்னு நெனச்சிட்டே இருந்தேன்."

அதற்குள் உன்னைத் தூக்கிவிட்டார்கள்.

உனக்கு வந்து சேரவேண்டிய சொல் அது. நான்தான் வாங்கி வைத்திருக்கிறேன். மன்னிக்க எனக்கு உரிமையில்லை. உன்னிடம் கொடுக்க வழியுமில்லை.