அக்கா வாங்கிய அறுபத்துநாலு

அத்தா,

இன்று காலை பூதலூர் மினிபஸ்ஸில் யாரோ ஒருவர் அரிசி மூட்டையை என் காலடியில் இறக்கினார். சணலும் தவிடும் கலந்த உங்கள் வாசனை. பக்கத்தில் இருந்த பெண்ணிடம், "மவுத்தான எங்க அத்தா ஏறிட்டாங்க" என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லியிருந்தால் பயந்து எழுந்து போயிருப்பார். எனக்கு ஜன்னலோரம் கிடைத்திருக்கும். ஏனோ சொல்லவில்லை.

துபாயிலிருந்து திரும்பி வந்து நீங்கள் அரிசிக் கடை போட்ட பிறகுதான் நமக்குள் பழக்கமே. அதுவரை தகப்பன் என்றால் எனக்கு வெறும் போன் குரல். அந்தக் கடையில்தான் அக்காவின் ரிசல்ட்டை உங்களுக்குப் புரியவைத்தேன்.

அக்கா கோலாலம்பூரில் தாய்மாமா வீட்டில் தங்கி, ஓர் இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்தின் பட்டப்படிப்பைப் படித்தாள். அவளை அனுப்பும்போது மாமியிடம், அதாவது உங்கள் அக்காவிடம், வாக்கு கொடுத்திருந்தீர்கள்: "பர்ஸ்ட் கிளாஸ் வாங்கினா அங்கேயே வேலை பாக்கட்டும். இல்லன்னா வந்து உங்க மவனைக் கட்டிக்கட்டும்." அந்த மச்சானும் அன்றிலிருந்து இஸ்திரி போட்ட சட்டையோடு தயாராக இருந்தார்.

பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்து வந்து நான் வாசித்தேன். முதல் வருஷம் எழுபத்துநாலு, இரண்டாம் வருஷம் ஐம்பத்தெட்டு, மூன்றாம் வருஷம் அறுபத்தேழு. முடிவு அறுபத்துநாலு, செகண்ட் கிளாஸ், மேல் பிரிவு.

கால்குலேட்டரைத் தட்டினீர்கள். "கூட்டி மூணால வகுத்தா அறுபத்தாறுல்ல வருது? ரெண்டு மார்க் எங்கடி?"

"எலி தின்னுருக்கும்."

"நம்ம கடை எலி மலேசியா போவாது. அறுபதுக்கு மேல எடுத்தா பர்ஸ்ட் கிளாஸ். செகண்டுன்னு போட்டிருக்கான். எவனோ ஏமாத்துறான்."

நம் ஊரில் அறுபதில் தொடங்கும் முதல் வகுப்பு, அவர்களுக்கு எழுபதில் தொடங்குகிறது. அறுபதிலிருந்து எழுபதுக்குள் வந்தால் இரண்டாம் வகுப்பின் மேல் பிரிவு. அங்கே எழுபதைத் தொடுவதே பெரிய பாடு என்று அக்கா எழுதியிருந்தாள். வெறும் வாயால் சொன்னால் நீங்கள் கேட்கிற ஆளில்லை. சாம்பிள் தட்டில் ஒரு கை நொய்யையும் இரண்டு கை பொன்னியையும் கொட்டிக் கலந்தேன்.

"அடியே, யாவாரத்தைக் கெடுக்காதே."

"இது எப்படி இருக்குன்னு சொல்லுங்க."

அள்ளிப் பார்த்தீர்கள். "பொன்னி தூக்கலா இருக்கு."

"அதே கணக்குதான் அத்தா. ரெண்டாவது வருஷம் ஒரு கை, மூணாவது வருஷம் ரெண்டு கை. அம்பத்தெட்டை ஒருக்கா போடுங்க, அறுபத்தேழை ரெண்டு தடவை போடுங்க. மூணால வகுங்க."

தட்டினீர்கள். அறுபத்துநாலு வந்தது.

"மொத வருஷம்?"

"அது உமி. பாஸானா போதும்னு ஊதிட்டாங்க."

"அந்த உமிக்காடி நான் தெருவுக்கே லட்டு குடுத்தேன்?"

சிரித்தோம். உங்கள் சிரிப்பு பாதியில் நின்றது. வாக்கு நினைவுக்கு வந்திருக்கும்.

சாயங்காலமே மாமி கடைக்கு வந்துவிட்டார். "ஏன் தம்பி, செகண்ட் கிளாஸாமே?"

'நம்ம ஊர்க் கணக்குல அது பர்ஸ்ட் கிளாஸ்' என்று அடித்துவிட நான் தயாராக இருந்தேன். பொய்யும் இல்லை. கையைக் காட்டி என்னை நிறுத்தினீர்கள்.

"ஆமாக்கா, செகண்ட் கிளாஸ்தான். அங்க எவ்வளவுக்கு என்ன கிளாஸுன்னு தெரியாம கோடு போட்டவன் நான். புள்ள நல்லாத்தான் படிச்சிருக்கு. அது அங்கேயே இருக்கட்டும்."

"வாக்கு குடுத்தியே?"

"குடுத்தேன். தப்பு என்னுது. அதுக்கு அவ ஏன் திரும்பி வரணும்?"

கடையில் நின்றவர்கள் அத்தனை பேர் முன்னாலும் சொன்னீர்கள், குரலைத் தாழ்த்தாமல். அதன் பிறகு மாமி நோன்புப் பெருநாளுக்குக்கூட நம் வீட்டுப் படி ஏறவில்லை. வருத்தம்தான் உங்களுக்கு. ஆனாலும் அக்காவிடம் எதையும் சொல்லக் கூடாது என்றீர்கள்.

நீங்கள் மவுத்தானபோது அவள் வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. "நான் இங்கேயே இருந்திருக்கணும்டி" என்று அழுதுகொண்டே இருந்தாள். அப்போதுதான் அந்தச் சாயங்காலத்தைச் சொன்னேன். தன் மார்க் நம் ஊர்க் கணக்குக்குச் சரியாக வந்ததால்தான் அந்தக் கல்யாணத்திலிருந்து தப்பித்தோம் என்று அதுவரை நினைத்திருக்கிறாள். அழுகையை நிறுத்திவிட்டு, "இன்னொரு தடவை சொல்லு" என்றாள்.

இப்போதும் போன் பண்ணினால் அதைத்தான் கேட்கிறாள். என்னை உங்களுக்குத் தெரியும். எந்தக் கதையையும் கை கால் வைக்காமல் நான் விட்டதில்லை. இதை மட்டும், நீங்கள் சொன்னது எதுவோ அதை அப்படியே சொல்கிறேன், அத்தா.